கருத்தில்லாத கைகள்

கஸ்பார் இதுவரை நாற்பதாயிரம் புதுக் கார்களையாவது ஓட்டியிருப்பான். ஆனால் ஒன்றைக்கூட மூன்றாவது கியருக்குக் கொண்டுபோனதில்லை. எண்ணூர்ப் பக்கத்து யார்டில் வரிசையாக நிற்கும் காரை எடுக்க வேண்டும், ஒன்றரை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், கப்பலின் வாய்க்குள் ஏற்றி, பக்கத்துக் காருக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். பிறகு வேனில் ஏறித் திரும்பி வந்து அடுத்த காரை எடுக்க வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. ராயபுரத்தில் அவன் தெருக்காரர்கள் "நம்ம கஸ்பாரு ஃபாரின் கார் ஓட்றான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கார் ஃபாரினுக்குப் போவது உண்மைதான். கஸ்பார் போவது கப்பல் வரைக்கும்.

அந்த ஒன்றரை கிலோமீட்டர் அவனுக்குத் தாராளம். கேட் பக்கத்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே ஸ்பிரிங் எப்படி என்று இடுப்பு சொல்லிவிடும். கப்பலுக்குள் இரண்டு தூண்களுக்கு நடுவே வளைக்கும்போது ஸ்டியரிங் எவ்வளவு கனம், எவ்வளவு சொன்னபடி கேட்கும் என்று கை சொல்லிவிடும். பதினாறு வருஷத்தில் ஒரு காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவனுக்கென்று சொத்து இருந்தால் அது அந்த இரண்டு கைதான்.

திங்கட்கிழமை காலையில் அஸ்வெரா வந்து நின்றது. நடுத்தர அளவு செடான், ஆனால் 'ஸ்போர்ட்டி'. தாழ்ந்த மூக்கு, சிவப்புத் தையல் போட்ட சீட்டு, 'வளைவுகளுக்காகப் பிறந்தது' என்று கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். மொத்தம் அறுநூற்று நாற்பது வண்டி. வியாழன் சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. கஸ்பார் முதல் வண்டியை எடுத்தான். இருபதில் போகும்போதே ஸ்டியரிங் இடது பக்கம் நழுவியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூன்றையும் திரும்பக் கொண்டுவந்து யார்டிலேயே ஓரம் கட்டிவிட்டு இறங்கி, முன் டயர்களைக் காலால் தட்டிப் பார்த்தான்.

கப்பலில் போகும் காருக்கு டயரில் காற்று கூடுதலாக அடிப்பார்கள், கடல் ஆட்டத்தில் குதிக்காமல் இருக்க ஸ்பிரிங்குகளுக்குள் ரப்பர் கட்டை செருகுவார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் கட்டையை எடுத்துவிட்டு, காற்றையும் குறைத்துக்கொள்வார்கள். அஸ்வெராவில் மூன்று டயர் கல்லாக இருந்தது. இடது முன் டயர் மட்டும் சும்மா இருந்தது. தொழிற்சாலையில் காற்றடிக்கும் குழாய் அந்த மூலைக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

"மாமு, வண்டி லெப்ட்டு இழுக்குது" என்று சூப்பர்வைசர் நெல்சனிடம் சொன்னான் கஸ்பார். "முன் டயர்ல காத்து கம்மி. பம்ப்பு குடு, ஒரு நிமிசத்துல அடிச்சிகினு போயிடறேன்."

நெல்சன் பதறிப்போனான். "யோவ், புது ரூலு தெரியாதா? ஸ்டியரிங்கு, கியரு, பெடலு, இத்த வுட்டா வண்டில வேற எத்தையும் நம்ம தொடக்கூடாது. இன்னா இருந்தாலும் டேப்லட்டுல ஏத்தணும். இரு."

டேப்லட்டில் 'காற்று கம்மி' என்று ஒரு பட்டன் இல்லை. கண்ணாடி உடைந்தது, பெயிண்ட் போனது, எலி கடித்தது எல்லாம் இருந்தது. கடைசியில் 'ஓட்டுணர்வுக் குறை' என்று ஒன்று இருந்தது. அது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது. நெல்சன் அதைத் தொட்டான். டேப்லட்டில் மணியோசை கேட்டது. அவ்வளவுதான், மூன்று வண்டிக்கும் சீல் வைத்தார்கள், மற்ற அறுநூற்று முப்பத்தேழும் நின்றது நின்றபடியே நின்றன, அகில பாரத ஓட்டுணர்வுக் கழகத்துக்குத் தானாகவே அழைப்பு போய்விட்டது.

கழகம் செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்கியது. ஒரு கார் ஓடும்போது மனிதனுக்கு எப்படி இருக்கிறது என்பதை மனிதர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்வது ஆபத்து என்பதால் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. தலைவர் பரசுராமன் வெள்ளைச் சட்டையும் கைப்பிடி வைத்த குடையுமாக வந்தார். செயலாளர் மதி மூன்று கோப்புகளோடும் ஒரு செல்போன் ஸ்டாண்டோடும் வந்தாள். மற்ற மூன்று உறுப்பினர்களும் அவரவர் வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடி அந்தச் செல்போன் வழியாக வந்தார்கள். இவர்களுக்குப் பின்னால், யாரோடும் பேசாமல், புளியந்தோப்பு மண்ணாங்கட்டி வந்தான்.

வந்ததும் மதி செய்த முதல் காரியம், கஸ்பாரின் கேட் பாஸை வாங்கிக் கோப்பில் குத்தியதுதான்.

"விதி பதினேழு" என்றாள். "புகார் உண்மையென்றால் பாஸ் திரும்பக் கிடைக்கும். பொய்யென்றால் ரத்து. ஒரு யார்டில் ரத்தானால் எல்லா யார்டிலும் ரத்து. பயப்பட வேண்டாம், இது வழக்கமான நடைமுறைதான்."

கஸ்பாரின் கண் அந்தக் கோப்பிலேயே நின்றது. "மேடம், காத்து மட்டுந்தான் மேடம் கம்மி..."

"காற்றைப் பற்றிக் கழகத்துக்குக் கருத்து கிடையாது" என்றார் தலைவர். "நாங்கள் உணர்வை மட்டும்தான் பார்ப்போம்."

நெல்சன் டீ வாங்கி வந்தான். மரியாதைக்கு, "டீ நல்லா கீதா சார்?" என்று கேட்டுவிட்டான். மதி ஓடிவந்து அவன் வாயைப் பொத்தாத குறை. சோதனை நாளில் உறுப்பினர்களுக்குக் கருத்து நோன்பு. விடிந்ததிலிருந்து டீ, வெயில், கொசு, எதைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் உணர்வெல்லாம் காருக்கென்று சேமிக்கப்பட வேண்டும். தலைவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் டீயைக் குடித்து முடித்தார். அதில் சர்க்கரை போட நெல்சன் மறந்திருந்தான்.

அடுத்தது எடை போடுவது. மண்ணாங்கட்டிதான் கழகத்தின் அளவுகோல் பயணி என்று அப்போது தெரிந்தது. எந்தக் காரைச் சோதித்தாலும் முன் சீட்டில் இவன்தான். எழுபத்தைந்து கிலோ, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அளவுகோல் என்பதால் பணிநேரத்தில் பேசவும் கூடாது; தராசு தன் எண்ணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் வியாபாரம் நடக்குமா என்று தலைவர் கேட்டார். யார்டில் இருந்தது கன்டெய்னர் லாரிகளுக்கான எடைமேடை. அது இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். மண்ணாங்கட்டி ஏறி நின்றான். எண்பது என்றது.

செருப்பைக் கழற்றினான், எண்பது. பெல்ட்டை அவிழ்த்தான், எண்பது. சட்டையையும் கழற்றிவிட்டு, நாற்பது டன் லாரி நிற்கும் இடத்தில் கைகட்டிக்கொண்டு தனியாக நின்றான். அப்போதும் எண்பது. பின்னால் மூன்று டிரெய்லர் ஹாரன் அடித்தது. செல்போனில் அவசரக் கூட்டம் போட்டு, இன்று ஒருநாள் மட்டும் எண்பது என்பது எழுபத்தைந்து என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

காரை யார் ஓட்டுவது என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. கழகத்தின் ஓட்டுநர், ஸ்டியரிங் உணர்வு பற்றிய கருத்தரங்குக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். யார்டில் மற்ற டிரைவர்களெல்லாம் பாஸுக்குப் பயந்து வேன் பின்னால் ஒதுங்கிவிட்டார்கள். மிஞ்சியது கஸ்பார்தான்.

"புகார் கொடுத்தவரே ஓட்டலாமா?" என்று செல்போனுக்குள்ளிருந்து ஒருவர் சந்தேகம் எழுப்பினார்.

"ஓட்டலாம், அவர் கைகளுக்குக் கருத்து இல்லையென்றால்" என்றார் தலைவர்.

மதி ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினாள். 'இன்று காலை பத்து மணி முதல் சோதனை முடியும்வரை எனது இரண்டு கைகளுக்கும் மேற்படி வாகனத்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை, இருக்கவும் விடமாட்டேன்.' கஸ்பார் கையெழுத்துப் போட்டான். ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையும் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபோது, அவனுக்கே தன்னைப் பார்க்க பேண்டு வாத்தியக்காரன் போலிருந்தது.

கிளம்புமுன் தலைவர் கார் கதவைப் பிடித்தபடி சின்ன உரை ஒன்று நிகழ்த்தினார். யார்டு ஆட்கள் இருபது பேர் வெயிலில் நின்று கேட்டார்கள்.

"நண்பர்களே, சாலையில் ஓடுவது கார் அல்ல. சாலையில் ஓடுவது உணர்வு. கார் அதற்கு ஒரு சாக்கு. இருபத்திரண்டு ஆண்டுகளில் முந்நூற்றுப் பதினொரு கார்களைக் கழகம் உணர்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்றுகூடப் பத்துக்கு ஏழுக்குக் கீழே மதிப்பெண் வாங்கியதில்லை. எங்கள் நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எங்களிடம் உறுப்பினராகாத கம்பெனிகளின் கார்களில் நாங்கள் ஏறிப் பார்த்ததுண்டு. ஒரு உணர்வும் வரவில்லை. உண்மையான உணர்வு அப்படித்தான் இருக்கும்."

யார்டு ஆட்கள் கைதட்டினார்கள். உரை முடிந்துவிட்டதே என்ற சந்தோஷம்தான் காரணம்.

முன்னால் கஸ்பாரும் மண்ணாங்கட்டியும், பின்னால் தலைவரும் மதியும், மதி கையில் மூன்று உறுப்பினர்களும். அஸ்வெரா கேட்டைத் தாண்டி முதல் குழியில் இறங்கியது. ஸ்பிரிங்குக்குள் கட்டை, டயருக்குள் கல்லாகக் காற்று. தலைவரின் மூக்குக்கண்ணாடி மோவாய்க்கு வந்தது. மதியின் பேனா கூரையில் போய் ஒரு புள்ளி வைத்தது.

"ஆகா" என்றார் தலைவர். "உறுதி. எழுதுங்கள். ஒரு விளையாட்டு வீரனின் முதுகெலும்பு. சாலை இங்கே நம்மோடு நேரடியாகப் பேசுகிறது."

"சார்" என்றான் கஸ்பார். "ஸ்பிரிங்குல கட்டை கீது சார். அத்த எடுத்துட்டா வண்டி..."

"சோதனையின்போது புகார்தாரர் பேசக் கூடாது" என்றாள் மதி.

சாலை அதற்குப் பிறகு இன்னும் நிறையவே பேசியது. செல்போனிலிருந்து ஒரு உறுப்பினர், "எனக்கு ரொம்ப மிருதுவாகத் தெரிகிறதே" என்றார். அவர் சோபா அப்படி. பயண சுகத்துக்கு எட்டேகால் போட்டார்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் வழக்கமான கன்டெய்னர் வரிசை நின்றது. டிரெய்லருக்குப் பின்னால் டிரெய்லர், கண்ணுக்கு எட்டியவரை. லாரிக்குக் கீழே ஒரு கிளீனர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அஸ்வெரா அவனுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றது. அவன் சாம்பார் தாளித்து முடித்தபோது வரிசை முப்பது அடி நகர்ந்தது. பட்டியல்படி அப்போது அதிவேக நிலைத்தன்மைச் சோதனை நடக்க வேண்டிய நேரம். கார் கொஞ்சமும் ஆடவில்லை, அசையவில்லை, உள்ளே மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. எட்டு புள்ளி ஏழு ஐந்து. இவ்வளவு நிலையான காரைத் தாம் பார்த்ததேயில்லை என்றார் தலைவர்.

எர்ணாவூர்ப் பக்கம் U திருப்பத்தில் வளைவுச் சோதனை. எதிரே மூன்று ஷேர் ஆட்டோ, ஒரு மீன் வண்டி, குறுக்கே ஒரு எருமை. கஸ்பார் ஐந்தையும் ஒரே மூச்சில் சுற்றிக் காரைத் திருப்பினான். ஸ்டியரிங் சொன்ன இடத்தில் திரும்பியது. கார் நல்ல கார்தான், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஒரு டயர் காற்றைத் தவிர அதற்கு ஒரு குறையும் கிடையாது. அதை நினைத்தபோது அவனுக்கு அந்தக் காரின் மேல் பாவமாக இருந்தது.

திரும்பி வரும் பக்கம் சாலை காலியாகக் கிடந்தது. கஸ்பார் மூன்றாவது கியர் போட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புது கார் அவன் கையில் அறுபதைத் தொட்டது. அதே நேரம் ஸ்டியரிங் இடது பக்கம் பலமாக இழுக்க ஆரம்பித்தது. ஓரத்தில் உப்பங்கழி. கஸ்பாரின் கை கேட்காமலே ஒரு பொட்டு வலது பக்கம் பிடித்தது. பதினாறு வருஷப் பழக்கம். கார் கோடு கிழித்த மாதிரி நேராகப் போயிற்று.

யார்டுக்கு வந்து இறங்கியதும் தலைவர் கேட்டார். "கார் நேராகத்தானே வந்தது?"

"நேராதான் சார் வந்துச்சி. நான் பிடிச்சிகினு வந்தேன் சார், அதான்."

மதி மெதுவாக உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்தாள்.

"பிடித்துக்கொண்டு வந்தீர்கள்" என்றாள். "அப்படியென்றால், கார் எந்தப் பக்கம் போகிறது என்று உங்கள் கைகளுக்கு ஒரு கருத்து இருந்திருக்கிறது."

"இல்லாட்டி கழில வுட்டிருப்பனே மேடம்!"

"கழியில் விட்டிருந்தால் உங்கள் புகார் நிரூபணமாகியிருக்கும்" என்றார் தலைவர் வருத்தத்தோடு. "நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்."

கஸ்பார் கையுறையைக் கழற்றினான். உள்ளங்கை வேர்த்து ஊறிப்போயிருந்தது. விட்டிருந்தால் ஏழு உயிர் போயிருக்கும், பிடித்ததால் பிழைப்பு போகிறது. ஏழில் மூன்று பேர் சோபாவில் இருந்தார்கள் என்பதை அவன் கணக்கில் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை முழுக்கக் கழகம் மதிப்பெண்களைக் கூட்டியது. சாயங்காலம் நெல்சன் ஒரு காகிதத்தோடு ராயபுரம் வீட்டுக்கே வந்தான். 'வாகனத்தில் குறையில்லை. குறை என் கைகளில் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.' இதில் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், பாஸ் கிடைக்கும். நாளைக்குப் பத்து மணிக்குள் போட வேண்டும்.

"போட்டுட்டுப் போ நைனா" என்றான் நெல்சன். "காகிதம்தானே. கை இன்னா கோச்சிக்கவா போவுது?"

அவன் போனதும் கஸ்பார் காகிதத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். மனைவி ஜானட் ரயில்வே கேன்டீன் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, துடைக்காமலே நின்று படித்தாள்.

"எனக்கு பயமாத்தான் கீது" என்றாள். "பாஸு போச்சின்னா இன்னா பண்ணுவோம்? ஆனா ஒண்ணு கேக்கறேன். நாளைக்கி கப்பலுக்குள்ள போவ. ஒரு சாண் கேப்புன்னு உன் கை சொல்லும். இத்துல கையெழுத்து போட்டுட்டு, அப்பால அத்த நீ நம்புவியா?"

கஸ்பார் தன் கையைப் பார்த்தான். "இவங்க நம்பாட்டி பரவால்ல" என்றான். "நானே நம்பாட்டி எப்டி ஜானட்டு வண்டி எடுப்பேன்?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யார்டு அலுவலகத்தில் விசாரணை. செல்போன் ஸ்டாண்டில் மூன்று முகம். சுவரோரம் ஸ்டூலில் மண்ணாங்கட்டி. வெளியே கப்பல், வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. தலைவர் தீர்ப்பின் நகலைப் படித்தார். அஸ்வெராவின் மொத்த மதிப்பெண் எட்டு புள்ளி ஏழு. புகாரில் உள்ள 'இழுக்குது' என்ற சொல், கழகம் அங்கீகரித்த நானூற்றுப் பன்னிரண்டு உணர்வுச் சொற்களில் இல்லை. பட்டியலில் இல்லாத சொல் குறிக்கும் குறை காரில் இருக்க வாய்ப்பில்லை.

"கையெழுத்து?" என்றாள் மதி.

"போடமாட்டேன் மேடம்" என்றான் கஸ்பார். காகிதத்தை மேசைமேல் திருப்பி வைத்தான். "வண்டி நல்ல வண்டி. ஆனா லெப்ட்டு இழுக்குது. என் கை பொய் சொல்லாது. பாஸ நீங்களே வெச்சிக்கங்க."

மதி பெருமூச்சு விட்டு, ரத்து முத்திரையை மையில் ஒற்றினாள்.

"யம்மா, இரு" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் பேசியது என்று ஒரு நொடி யாருக்கும் பிடிபடவில்லை. மண்ணாங்கட்டி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தான்.

"மெய்யாலுமே லெப்ட்டு இழுக்குதும்மா. முன்னாடி குந்திகினு நான் பாத்துகினேதான வந்தேன்? இந்தாளு அறுபதுல போவ சொல்லோ ஸ்டியரிங்க ரைட்டுல அழுத்திப் பிடிச்சிகினே வந்தாரு. கையி நரம்பு எல்லாம் எயிந்து நிக்குது. அவரு மட்டும் வுட்டிருந்தா இந்நேரம் நம்ம எல்லாரும் கழில மெதந்துகினு இருப்போம். அந்த மனுசனுக்குப் போயி முத்திர குத்துறியே, நாயமா?"

செல்போனில் ஒரு உறுப்பினர் அவசரமாகத் தன் வீடியோவை அணைத்தார்.

"அளவுகோல் பேசிவிட்டது" என்றாள் மதி. முகம் வெளுத்துப்போயிருந்தது. "சார், அளவுகோல் சொல்வது சரியென்றால் காரில் குறை இருக்கிறது. அளவுகோல் தப்பென்றால்... இதே அளவுகோலை வைத்துத்தான் நாம் முந்நூற்றுப் பதினொரு சான்றிதழ் கொடுத்திருக்கிறோம்."

தலைவர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி தண்ணீர் குடித்தார். பிறகு விசாரணையை உணவு இடைவேளைக்காக ஒத்திவைத்தார். மணி பத்தேகால்.

மண்ணாங்கட்டி வெளியே வந்து வெயிலில் நின்று, "வாய தொறந்தா இவ்ளோ சொகமா கீதுன்னு இத்தினி நாளா தெரியாம போச்சே" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேச ஆரம்பித்தான். மதி, அளவுகோல் பேசினால் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். கஸ்பார் சீல் வைத்த அஸ்வெராவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் குடையோடு ஒரு நிழல் அவன் மேல் விழுந்தது.

"உண்மையைச் சொல்லுங்கள்" என்றார் தலைவர், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு. "அந்த... இழுப்பது. அது எப்படி இருக்கும்?"

"எப்டி சார் வாயில சொல்றது? குந்தி நீங்களே ஒருவாட்டி பிடிச்சிப் பாருங்க. யார்டுக்குள்ளதானே."

தலைவர் குடையை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார்.

கஸ்பார் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆரம்பத்தில் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் தலைவராக்கிவிட்டார்கள். அப்புறம் போய் எல் போர்டு மாட்டிக்கொண்டா ஓட்ட முடியும்? எல்லாரும் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள்." அவர் குரல் மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தது. "இருபத்திரண்டு வருஷம் ஆச்சுப்பா."

கஸ்பாருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சற்று முன்வரை தன் கையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய மனிதர். ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த ஆசையைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. எழுந்து வலது பக்கக் கதவைத் திறந்துவிட்டான். சீலைத் தலைவரே கிழித்தார்.

"பிரேக்குல ஒரு கால், கிளட்ச்சுல ஒரு கால் வெச்சி அமுக்குங்க சார். முதல் கியரு நான் போட்டுத் தரேன். மெதுவா கிளட்ச்ச வுடுங்க. ஸ்டியரிங்க கோயி கழுத்த பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க, அது எங்கயும் ஓடாது."

கார் இரண்டு தடவை குலுங்கி நின்றது. மூன்றாவது தடவை நகர்ந்தது. பத்து கிலோமீட்டர் வேகத்தில், காலியாகக் கிடந்த நடுப்பாதையில் அஸ்வெரா நேராகக் கிளம்பி, இருபது அடியில் மெல்ல இடது பக்கம் சாய்ந்து, நிற்கும் கார் வரிசையை நோக்கிப் போக ஆரம்பித்தது.

"இழுக்குது!" என்று கத்தினார் தலைவர். "யப்பா, இழுக்குதுப்பா!"

"ஆமா சார். பிரேக்கு."

கார் நின்றது. தலைவர் தன் கைகளைத் தூக்கிப் புதிதாக வாங்கியவை மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். கஸ்பார் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய் பம்பை எடுத்து வந்தான். நெல்சன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டான். காற்றடிக்க ஒன்றரை நிமிஷம் ஆனது.

இரண்டாவது சுற்றில் கார் போட்ட கோட்டில் போயிற்று. தலைவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார், போயிற்று. இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். அப்போதும் நேராகப் போயிற்று. யார்டின் கடைசியில் கஸ்பார் சொல்லச் சொல்ல ஸ்டியரிங்கை வளைத்தார். கார் அவர் சொன்னபடி திரும்பியது. எதுவும் அவர் சொன்னபடி அவ்வளவு உடனே நடந்து அவர் பார்த்ததில்லை. கழகத்தில் ஒரு பேனா வாங்கவே மூன்று கூட்டம் ஆகும்.

நிறுத்தியதும் சட்டைப் பையிலிருந்து தீர்ப்பின் நகலை எடுத்து ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டார். நாற்பத்தாறு கட்டங்கள், எல்லாவற்றிலும் எட்டும் புள்ளியும். குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டார். கீழே, 'இழுத்தது. காற்று அடித்தபின் நேராகப் போகிறது. புகார் உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்துக்குப் போன் செய்து மதியிடம் பாஸைக் கொண்டுவரச் சொன்னார்.

மதி கொண்டுவந்தாள். தலைவர் எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு, பாஸைக் கஸ்பாரிடம் நீட்டினாள். பாஸில் இரண்டு பின் ஓட்டை விழுந்திருந்தது. கஸ்பார் அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். கப்பலிலிருந்து நீளமாக ஒரு சங்கு ஒலித்தது. நெல்சன் எல்லா டிரைவர்களையும் பம்போடு வரிசைக்கு விரட்டிக்கொண்டிருந்தான். அறுநூற்று நாற்பது வண்டி, சாயங்காலத்துக்குள்.

"எறங்குங்க சார்" என்றான் கஸ்பார். "வண்டி ஏத்தணும்."

தலைவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றார், வகுப்பில் கை தூக்குகிற குரலில்.

கஸ்பார் கப்பலைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"சரி, கப்பலாண்ட அந்தச் சரிவு வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. மேல ஏத்த சொல்லோ நான் மாறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் போய் ஏறிக்கொண்டான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு புது காரின் இடது சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா வந்தான். கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது, நன்றாகத்தான் இருந்தது.